‘கன்வின்ஸ் பண்ணிட்டேன்’: இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சென்னையில் ‘கன்வின்ஸ்’ தமிழ்ச் சொல்லாகி ரொம்ப நாளாகிறது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தினாலும் கன்வின்ஸ் பண்ணியதுதான். வெளியூர் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நிற்கும் அப்பாவைச் சம்மதிக்க வைத்தாலும் கன்வின்ஸ் பண்ணியதுதான். ரங்கநாதன் தெருவில் 800 ரூபாய் சொன்ன பையை 450 ரூபாய்க்கு வாங்கிவந்தால், கடைக்காரரைக் கன்வின்ஸ் பண்ணி வாங்கியதாகத்தான் சொல்வோம். தமிழ்ப் பேச்சுக்குள் இதில் ஒரு தப்பும் இல்லை. ‘பண்ணு’ ஒட்டிக்கொண்ட பிறகு அது நம் வீட்டுச் சொல்.

அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஆங்கில வாக்கியத்தில் உட்கார வைக்கும்போதுதான் வம்பு. ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ‘ஐ கன்வின்ஸ்டு தி கிளையன்ட்’ என்று மெயில் போட்டால், கிளையன்ட் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு மற்றவர்கள் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இவர் சொல்ல வந்ததோ, கிளையன்டின் கோபத்தைக் கொஞ்சம் தணித்து வைத்திருக்கிறேன் என்பதை மட்டும்.

தமிழில் ஒரு காரியம் முடிந்ததா, முயற்சியோடு நின்றதா, சொல்பவருக்கு அதில் எவ்வளவு நிச்சயம் என்பதையெல்லாம் வினைச்சொல்லின் வால் பார்த்துக்கொள்ளும். ‘சொல்லிப் பார்த்தேன்’, ‘சம்மதிக்க வைத்தேன்’, ‘வருவாராம்’, ‘வருவார் போல’ என்று வாலை மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் தனிச் சொற்கள் செய்கின்றன. வாலை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் தமிழிலேயே தங்கிவிடும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான்.

படி 1: முடிந்த காரியமா, முயற்சியா?

‘பர்ஸ்வேட்’, ‘கன்வின்ஸ்’ இரண்டும் முடிவைத் தமக்குள்ளே வைத்திருக்கும் சொற்கள். ‘ஐ பர்ஸ்வேடட் ஹிம்’ என்றால் அவர் மனம் மாறிவிட்டது என்று பொருள். ‘எவ்வளவோ வற்புறுத்தினேன், அவர் ஒத்துக்கலை’ என்பது நல்ல தமிழ். அதை ‘ஐ பர்ஸ்வேடட் ஹிம் எ லாட், பட் ஹி டிட் நாட் அக்ரீ’ என்று மாற்றினால், ‘சம்மதிக்க வைத்துவிட்டேன், ஆனால் அவர் சம்மதிக்கவில்லை’ என்பதுபோல் கேட்கும். மனம் மாறி, கிளம்பி, ரயில் கிடைக்காமல் வராமல் போனால் அது வேறு. அங்கே ‘பர்ஸ்வேடட்’ பொருந்தும்.

செய்ய வேண்டியது: வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘பார்த்தேன்’ வருகிறதா? அப்படியானால் ‘ஐ ட்ரைடு டு பர்ஸ்வேட் ஹிம்’. ‘வற்புறுத்தினேன்’, ‘திரும்பத் திரும்பச் சொன்னேன்’ வருகிறதா? ‘ஐ அர்ஜ்டு ஹிம் டு கம்’. ‘அர்ஜ்’ முயற்சியை மட்டும் சொல்லும். அவர் வந்தாரா இல்லையா என்பதில் தலையிடாது. ‘சம்மதிக்க வைத்தேன்’, ‘வழிக்குக் கொண்டுவந்தேன்’ என்று வந்தால் மட்டும் ‘பர்ஸ்வேடட்’.

‘கன்வின்ஸ் பண்ணிட்டிருக்கேன்’ என்பதை ‘ஐ ஆம் கன்வின்சிங் ஹிம்’ என்று ஆக்குவது இன்னொரு பழக்கம். முடிவைச் சொல்லும் வினை நடந்துகொண்டிருக்க முடியாது. ‘ஐ ஆம் ட்ரையிங் டு கன்வின்ஸ் ஹிம்’ என்றால்தான் சரி. போதாக்குறைக்கு, ‘கன்வின்சிங்’ தனியாக நின்றால் ‘நம்பும்படியான’ என்ற பெயரடை. ‘ஐ ஆம் கன்வின்சிங்’ என்பவர், நான் பேசினால் யாரும் நம்பிவிடுவார்கள் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறார்.

படி 2: மாறியது நினைப்பா, செயலா?

நினைப்பை மாற்றினால் ‘கன்வின்ஸ்’, செயலுக்கு இழுத்துவந்தால் ‘பர்ஸ்வேட்’. இது பழைய வேறுபாடு. இரண்டு சொல்லும் லத்தீனிலிருந்து வந்தவை. ‘கன்வின்ஸ்’ உள்ளே இருப்பது ‘வெல்லுதல்’ என்னும் வினை. ஆதாரம் காட்டி எதிராளியை வாதத்தில் வீழ்த்துவது. குற்றவாளியைக் குறிக்கும் ‘கன்விக்ட்’டும் அதே வேரில் பிறந்ததுதான். ‘பர்ஸ்வேட்’ உள்ளே இருப்பது ‘அறிவுரை சொல்லித் தூண்டுதல்’. ஆங்கிலத்தின் ‘ஸ்வீட்’ அதற்குத் தூரத்து உறவு. ஒன்று வழக்கறிஞர் வேலை, மற்றது வீட்டில் பெரியம்மா செய்யும் வேலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

உதாரணத்துக்கு, தாம்பரத்தில் ஒருவர் மருத்துவக் காப்பீடு அவசியம் என்று முழுசாக ஒத்துக்கொள்கிறார். ஏஜென்ட் சொன்ன கணக்கெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பணம் கட்ட மட்டும் கை வரவில்லை. அவர் ‘கன்வின்ஸ்டு’; இன்னும் ‘பர்ஸ்வேடட்’ ஆகவில்லை. மாறாக, தன் மனைவி இரண்டு முறை நச்சரித்ததால் பாலிசி எடுத்திருந்தால், அவர் ‘பர்ஸ்வேடட்’. பாலிசியில் நம்பிக்கை வந்ததா என்பது தனிக்கேள்வி.

வாக்கிய அமைப்பு இதை ஒட்டியே போகும். ‘பர்ஸ்வேட்’ வந்தால் அடுத்து ஆள், அதற்கடுத்து ‘டு’ போட்டு வினை: ‘ஷி பர்ஸ்வேடட் மீ டு ஸ்டே’. ‘கன்வின்ஸ்’ வந்தால் அடுத்து ஆள், பிறகு ‘தட்’ அல்லது ‘ஆஃப்’: ‘ஹி கன்வின்ஸ்டு மீ தட் இட் வாஸ் சேஃப்’. ‘கன்வின்ஸ்டு மீ டு கோ’ என்பதை இன்று அகராதிகள் ஏற்கின்றன, எல்லாரும் எழுதவும் செய்கிறார்கள். பழைய ஆசிரியர் திருத்தும் தாளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அரை மதிப்பெண்ணுக்காக அவரிடம் சண்டைக்குப் போக முடியாது.

ஆளை விட்டுவிடுவது நம் ஊர்த் தவறு. தமிழில் ‘பேசி கன்வின்ஸ் பண்ணிட்டேன்’ என்றால் யாரை என்பது தானே புரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கன்வின்ஸ்டு’ என்று நிறுத்தினால் வாக்கியம் நொண்டும். ‘ஐ ஆம் கன்வின்ஸ்டு’ என்றால் பொருள் தலைகீழ்: எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செய்ய வேண்டாம் என்று தடுத்து மனம் மாற்றினால் ‘டிஸ்ஸுவேட்’. அதற்கு ‘டு’ வராது. ‘ஃப்ரம்’ போட்டு ‘இங்’ வினை: ‘டிஸ்ஸுவேடட் ஹிம் ஃப்ரம் ரிஸைனிங்’. பேச்சில் இவ்வளவு கனமான சொல் தேவையே இல்லை. பேசிப் பேசி இறக்கிவிட்டால் ‘டாக்டு மீ இன்டு பையிங் இட்’. பேசித் தடுத்தால் ‘டாக்டு மீ அவுட் ஆஃப் இட்’. அலுவலக அரட்டையில் இவை இரண்டும் ‘பர்ஸ்வேட்’டைவிட இயல்பாக இருக்கும்.

படி 3: எப்படி மாற்றினீர்கள்?

கல்யாணப் பந்தியில் இன்னொரு ஜாங்கிரி வைக்க வருகிறவரிடம் ‘கம்பெல் பண்ணாதீங்க’ என்போம். மறுநாள் ஆபீஸில் அதையே ‘தே கம்பெல்டு மீ டு ஈட்’ என்று சொன்னால், துப்பாக்கி முனையில் ஊட்டிவிட்டதுபோல் இருக்கும். ‘கம்பெல்’ என்பது சட்டமோ சூழ்நிலையோ வேறு வழியில்லாமல் செய்யவைப்பது. அன்புத் தொல்லைக்கு ‘இன்சிஸ்ட்’ இருக்கிறது: ‘தே இன்சிஸ்டட் தட் ஐ ஹேவ் ஒன் மோர்’. ‘ஃபோர்ஸ்’ சொல்லுக்கும் இதே எச்சரிக்கை.

நயமாக, பொறுமையாக, கொஞ்சிக் கொஞ்சிச் செய்யவைத்தால் ‘கோக்ஸ்’. மருந்து குடிக்காத குழந்தைக்கும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பூனைக்கும் இதுதான் பொருத்தம். முகஸ்துதி கலந்து தாஜா பண்ணினால் ‘கஜோல்’. இதில் லேசான இகழ்ச்சி உண்டு, உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்றவரை நம் பக்கம் கொண்டுவந்தால் ‘வின் ஓவர்’. நாளாக நாளாக அவரே இறங்கிவந்தால் ‘ஹி கேம் ரவுண்ட்’.

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்கு இவை எதுவும் வேண்டாம். கோபம் தணித்தால் ‘காம் டவுன்’, துக்கம் ஆற்றினால் ‘கன்சோல்’, பயம் போக்கினால் ‘ரீஅஷ்யூர்’. மேலே சொன்ன கிளையன்ட் மெயிலில் வரவேண்டியது இவற்றில் முதலாவது. பை வாங்கிய கதைக்கு ‘ஐ காட் ஹிம் டவுன் டு ஃபோர் ஃபிஃப்டி’ போதும்.

படி 4: உங்கள் கருத்தைச் சொல்லும்போது

இங்கேதான் சென்னை ஆங்கிலம் அதிகம் சறுக்கும். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘என்னைப் பொறுத்தவரைக்கும்’ என்று தொடங்கிப் பழகியதால் ‘அக்கார்டிங் டு மீ’ வந்துவிடுகிறது. ‘அக்கார்டிங் டு’ பிறர் சொன்னதைச் சுட்டுவதற்கு: ‘அக்கார்டிங் டு தி டாக்டர்’, ‘அக்கார்டிங் டு தி டைம்டேபிள்’. உங்களை நீங்களே சாட்சிக்கு அழைக்கக் கூடாது. ‘இன் மை ஒப்பீனியன்’, ‘இன் மை வியூ’, அல்லது வெறும் ‘ஐ திங்க்’. பேச்சில் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் ‘ஐ திங்க்’ போதும். ‘இன் மை ஒப்பீனியன் ஐ திங்க்’ என்று இரண்டையும் அடுக்குவது ஒரே வாசலுக்கு இரண்டு கோலம்.

‘ஐ ஆம் திங்கிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் அன் ஒப்பீனியன்’ இரண்டும் வேண்டாம். கருத்து என்பது ஒரு நிலை, அதற்கு ‘இங்’ ஒட்டாது. ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், தொந்தரவு செய்யாதே என்று பொருள்.

‘ஐ ஃபீல்’ என்பதில் பயப்பட ஒன்றுமில்லை. தமிழில் ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் வருத்தப்படாதே என்று ஆகிவிட்டதால், ‘ஐ ஃபீல் தி பட்ஜெட் இஸ் லோ’ என்று யாராவது சொன்னால் மனசு நொந்துவிட்டாரோ என்று தோன்றும். ‘எனக்கு அப்படித் தோணுது’ என்பதைத்தான் அவர் மென்மையாகச் சொல்கிறார்.

இல்லை என்பதை எங்கே வைப்பது? ‘அவர் வரமாட்டார்னு நினைக்கிறேன்’ என்பதில் மறுப்பு வருகையோடு ஒட்டியிருக்கிறது. ஆங்கிலம் அதை முன்னே இழுத்து நினைப்போடு ஒட்டும்: ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’. ‘ஐ திங்க் ஹி வில் நாட் கம்’ இலக்கணப் பிழை இல்லை; ஆனால் கறாராக ஒலிக்கும். எதிரில் இருப்பவர் யோசனை சொல்லும்போது ‘ஐ திங்க் திஸ் வில் நாட் வொர்க்’ என்பது முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும். ‘ஐ டோன்ட் திங்க் திஸ் வில் வொர்க்’ என்றால் அதே செய்தி கொஞ்சம் பதமாகப் போய்ச் சேரும்.

இதைவிடக் கண்ணி வேறொன்று இருக்கிறது. ‘டௌட்’, ‘சஸ்பெக்ட்’ இரண்டுக்கும் பள்ளியில் ‘சந்தேகப்படு’ என்றே படித்தோம். கருத்து சொல்லும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். ‘ஐ டௌட் ஹி வில் பே’ என்றால் பணம் தரமாட்டார் என்று தோன்றுகிறது. ‘ஐ சஸ்பெக்ட் ஹி வில் பே’ என்றால் தந்துவிடுவார் என்று தோன்றுகிறது. வாடகைக்கு வீடு விடுபவர் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் அட்வான்ஸ் விஷயத்தில் குழப்பம்தான். வகுப்பில் எழுந்து ‘ஐ ஹேவ் எ டௌட்’ என்று கேட்பது இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேளுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்விப்பட்டதைச் சொல்லும் ‘-ஆம்’ நம்மிடம் இருக்கும் அருமையான கருவி. ‘ஆபீஸை சிறுசேரிக்கு மாத்தப் போறாங்களாம்’ என்பதில் அந்தச் சின்ன வால், பொறுப்பு என்னுடையதல்ல என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘அப்பேரன்ட்லி’ அல்லது ‘ஐ ஹியர்’ என்று முன்னால் போட வேண்டும். போடாவிட்டால் நீங்களே நேரில் பார்த்து உறுதி செய்ததாகிவிடும். ‘வருவார் போல’ என்பதற்கு ‘இட் லுக்ஸ் லைக்’.

‘ஒப்பீனியன்’ சொல்லுக்குப் பின் என்ன வருகிறது என்றும் பாருங்கள். ஒரு விஷயம் பற்றிய கருத்து என்றால் ‘ஆன்’ அல்லது ‘அபௌட்’. ஆளை எடைபோடுவது என்றால் ‘ஆஃப்’: ‘ஷி ஹேஸ் எ ஹை ஒப்பீனியன் ஆஃப் யூ’ என்றால் உங்கள்மேல் அவருக்கு நல்ல மதிப்பு. ‘ஒப்பீனியனேட்டட்’ என்பதைப் பாராட்டாக நினைத்து ரெஸ்யூமேயில் போட்டுவிடாதீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அசையாத, வாழ்ந்து காட்டும் கொள்கைக்கு ‘கன்விக்ஷன்’. நீதிமன்றச் செய்தியில் வந்தால் அதே சொல் குற்றத் தீர்ப்பு.

ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

மனதில் ஓடும் தமிழ் இது: ‘சார், கிளையன்ட்கிட்ட இன்னும் ரெண்டு நாள் டைம் கேட்டுப் பார்த்தேன். முதல்ல தயங்கினாங்க, பிரச்சினையைச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. ஆனா வெள்ளிக்கிழமையே வேணும்னு நிக்கிறாங்க. அதுக்குள்ள முடியாதுன்னு தோணுது.’

அவசரத்தில் வரும் ஆங்கிலம்: ‘சார், ஐ பர்ஸ்வேடட் தி கிளையன்ட் ஃபார் டூ டேஸ். ஆஃப்டர் தட் ஐ கன்வின்ஸ்டு. தே ஆர் கம்பெல்லிங் ஃபார் ஃப்ரைடே. அக்கார்டிங் டு மீ வி வில் நாட் ஃபினிஷ்.’ படிக்கும் மேனேஜருக்கு, இரண்டு நாள் விடாமல் பேசிக் கிளையன்டைச் சம்மதிக்க வைத்ததாகவும், பிறகு கிளையன்ட் மிரட்டுவதாகவும், கடைசியில் இவரே வேலையை முடிக்க மறுப்பதாகவும் தெரியும்.

திருத்தியது: ‘ஐ ஆஸ்க்டு தி கிளையன்ட் ஃபார் டூ மோர் டேஸ். தே வேர் ரிலக்டன்ட் அட் ஃபர்ஸ்ட், பட் தே அண்டர்ஸ்டுட் ஒன்ஸ் ஐ எக்ஸ்ப்ளெயின்டு தி ப்ராப்ளம். தே ஸ்டில் இன்சிஸ்ட் ஆன் ஃப்ரைடே, அண்ட் ஐ டோன்ட் திங்க் வி கேன் ஃபினிஷ் பை தென்.’ இதில் ‘பர்ஸ்வேட்’டும் இல்லை, ‘கன்வின்ஸ்’சும் இல்லை. யாரும் யாருடைய மனதையும் மாற்றவில்லையே.

படி 5: காசு கொடுத்து வாங்கும் ‘ஒப்பீனியன்’

சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர் முதலில் கேட்பது ‘லீகல் ஒப்பீனியன் வாங்கியாச்சா?’ தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, உரிமை சுத்தமாக இருக்கிறதா என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுப்பது அது. மருத்துவமனையில் ‘செகண்ட் ஒப்பீனியன்’ என்றால் வேறொரு மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் முடிவு. இவை இரண்டிலும் ‘ஒப்பீனியன்’ என்பது டீக்கடைக் கருத்து அல்ல. படித்தவர் பொறுப்பேற்றுச் சொல்லும் தீர்மானம். பக்கத்து வீட்டு மாமா சொன்ன கைவைத்தியத்தை ‘செகண்ட் ஒப்பீனியன்’ என்று சொல்ல முடியாது.

நீதிமன்றத்தில் ‘பர்ஸ்வேசிவ்’ என்பதற்கும் தனி எடை உண்டு. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம், அரசியலமைப்பின் 141ஆம் பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும், அது ‘பைண்டிங்’. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் காட்டினால் அதற்கு ‘பர்ஸ்வேசிவ் வேல்யூ’ மட்டும். நீதிபதி மதித்துப் படிப்பார், ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

‘பர்ஸ்வேஷன்’ பெயர்ச்சொல்லாக வரும்போது சமயப் பிரிவையோ அரசியல் சார்பையோ குறிப்பதும் உண்டு. ‘பீப்பிள் ஆஃப் ஆல் பொலிட்டிக்கல் பர்ஸ்வேஷன்ஸ்’ என்றால் எல்லாக் கட்சிச் சார்பினரும். செய்தித்தாளில் பார்த்தால் புரிந்தால் போதும், பேச்சில் பயன்படுத்தத் தேவையில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ரோமர் 8:38இல் ‘ஐ ஆம் பர்ஸ்வேடட்’ என்று பவுல் சொல்லுமிடத்தைத் தமிழ் வேதாகமம் ‘நிச்சயித்திருக்கிறேன்’ என்கிறது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் உறுதியாகிவிட்டது என்பதுதான் அந்தப் பழைய பொருள்.

படி 6: பெரியவரிடம் யோசனை சொல்லும்போது

‘நீங்க வந்தா நல்லது’ என்பது தமிழில் எவ்வளவு பணிவு! அதை ‘யூ ஹேட் பெட்டர் கம்’ என்று மொழிபெயர்த்தால் மிரட்டல். வராவிட்டால் நடப்பதே வேறு என்று பொருள். ‘இட் வுட் பி குட் இஃப் யூ குட் கம்’ என்று சொல்லுங்கள். மறுபக்கம், வெளிநாட்டு மேலாளர் ‘யூ மைட் வான்ட் டு செக் திஸ்’ என்று மெல்லச் சொன்னால், விருப்பம் இருந்தால் பார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பார் என்றுதான் சொல்கிறார்.

‘வித் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினாலே அடுத்து மறுப்பு வருகிறது என்று எதிராளி தயாராகிவிடுவார். மரியாதைக்காக அதைத் தூவாதீர்கள். ‘ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்’ என்றால் காதில் விழுந்தது, அவ்வளவே. ஒத்துக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடக் கூடாது. ‘கொய்ட் குட்’ என்பது அமெரிக்கர் வாயில் நல்ல பாராட்டு, பிரிட்டிஷ்காரர் வாயில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’.

யோசனை கேட்கும்போது ‘சஜ்ஜஸ்ட் மீ எ குட் ஹோட்டல்’ வேண்டாம். ‘கேன் யூ சஜ்ஜஸ்ட் எ குட் ஹோட்டல்?’ போதும், ‘மீ’ தேவையில்லை. ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது, பத்து பேர் சொன்னாலும் ‘அட்வைஸ்’தான். வினையாக வரும்போது கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிர வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும், அதற்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். ‘டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?’ என்று கேட்டால், எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பட்டிமன்ற நடுவர்போல் இரண்டு பக்கமும் பேசிவிட்டுக் கடைசி வரியில் தீர்ப்பு சொன்னால், உங்கள் நிலை என்னவென்று திருத்துபவர் தேடிக்கொண்டிருப்பார். கருத்துக்குக் கீழே உடனே காரணம், காரணத்துக்குக் கீழே நீங்கள் பார்க்கிற ஊரிலிருந்து ஒரு உதாரணம்: மெட்ரோ, குப்பை வண்டி, தண்ணீர் லாரி, எதுவானாலும் சரி. ‘இன் மை ஒப்பீனியன்’ என்பதைக் கட்டுரை முழுவதிலும் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை எழுதினால் போதும்.